நம்பர் இல்லாத போர்டு

தெருமுனைக் கம்பத்தில் ஏறிப் பேனர் கட்டிக்கொண்டிருந்தவனைக் கன்னிகா கீழே இறங்கச் சொன்னாள். கண்ணீர் அஞ்சலி பேனர். அவள் புருஷன் கோபிகிருஷ்ணன் அதில் பத்தடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். விளம்பர போர்டுகளில் ஏறி வேலை செய்தவனுக்கு உயிரோடு இருந்தபோது இடுப்புக்கு ஒரு பாதுகாப்பு பெல்ட் வாங்கித் தராத ஏஜென்சி, செத்த மறுநாளே இத்தனை பெரிய படம் அடித்து அனுப்பிவிட்டது.

"அவுத்து எடுத்துக்கினு போங்க."

ஏஜென்சி மேஸ்திரி கிரண்குமார் பணிவாகக் கைகட்டி நின்றான். "மரியாதைக்குத்தான் அக்கா. அவரு விழுந்த அந்த போர்டக்கூட இன்னிக்கே எடுத்துடறோம். இரும்ப வெட்ட கேஸ் கட்டர் வந்துக்கினு இருக்குது. இன்னொரு உயிரு போகக்கூடாது இல்ல?"

கன்னிகாவுக்கு அந்த அவசரம் புரிந்தது. அனுமதி வாங்கிய போர்டென்றால் கீழ் மூலையில் நம்பர் இருக்கும் என்று கோபி சொல்லியிருக்கிறான். சுடுகாட்டுத் திருப்பத்தில் அவன் ஏறிய போர்டில் அது இல்லை. துருப்பிடித்த ஆங்கிள் இரும்பு முறிந்து விழுந்தான். குடித்திருந்தான், கால் வழுக்கியது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தவன் இந்தக் கிரண்குமார். போர்டும் போய்விட்டால் அந்தப் பொய்தான் நிற்கும். வார்டு ஆபீஸ் கணக்கிலேயே இல்லாத போர்டிலிருந்து ஒருவன் எப்படி விழுவான் என்று கேட்பார்கள்.

காலையிலேயே வார்டு ஆபீசுக்குப் போன் செய்திருந்தாள். போர்டு அனுமதிகளைக் கவனிக்கும் பிளானிங் செக்ரட்டரி பதினொரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போது மணி பத்து.

"மாமா, எடுத்துடலாம்," என்றாள் கோபியின் அண்ணன் செங்கல்வராயனிடம்.

"நகரி ஊரு சனம் இன்னும் வர்லியேம்மா."

"வழியில வந்து பாக்கட்டும்."

மேளத்தோடு பாடை கிளம்பியது. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கன்னிகா நிற்கவில்லை. தலை நிறையப் பூவும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக நடந்தாள். யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டாள்.

"பொம்பள வரக்கூடாதும்மா," என்றார் செங்கல்வராயன்.

"சுடுகாட்டுக்கு வர்ல மாமா. போர்டு வரைக்கும்தான்."

போர்டின் காலடியில் கட்டர்காரன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான். பாதி வழியில் பாடையை இறக்கித் தலைமாட்டைத் திருப்புவது வழக்கம். எப்போதும் போர்டைத் தாண்டியிருக்கும் வேப்பமரத்தடியில்தான் இறக்குவார்கள்.

"இங்க எறக்குங்க," என்றாள் கன்னிகா.

செங்கல்வராயன் கிரண்குமாரைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். "இன்னாடா நிக்கறீங்க? எறக்குங்க."

கிரண்குமார் ஓடி வந்தான். "பொணத்த வெச்சிக்கினு ரகள பண்ணாதீங்க அக்கா. எதுன்னாலும் பேசிக்கலாம்."

"அவரு குடிக்கமாட்டாருன்னு உனக்கு எட்டு வருசமாத் தெரியும். தெரிஞ்சிதான சொன்ன? இப்ப வெட்டு. பாக்கறேன்."

கட்டர்காரன் இருவரையும் பார்த்தான். பிணத்தின்மேல் நெருப்புப் பொறி சிந்த அவனுக்கு மனம் வரவில்லை. வால்வை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான்.

வெயில் ஏறியது. மாலைப் பூக்கள் வதங்கின. செத்த பிறகும் இவரை இந்த வெயிலில் காய வைக்கிறேனே என்று கன்னிகாவுக்கு அழுகை முட்டியது. அழுதாள், ஆனால் நகரவில்லை.

பதினொன்றேகாலுக்கு ஸ்கூட்டரில் வந்த பிளானிங் செக்ரட்டரி சின்னப் பெண். பிரித்திகா என்று அட்டையில் பேர் தொங்கியது. பாடையைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டாள். முறிந்த ஆங்கிளையும் நாலு மூலைகளையும் போனில் படம் எடுத்தாள்.

"பர்மிஷன் நம்பர்?"

கிரண்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.

"நம்பர் லேது," என்று தெலுங்கில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "அளவு எடுக்கணும். இந்த முனைய யாராச்சும் புடிங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னிகா பாடையைச் சுற்றி வந்து டேப்பின் முனையை வாங்கி இரும்புக் காலோடு வைத்து அழுத்தினாள். பிரித்திகா டேப்பை விட்டுக்கொண்டே மறுகாலுக்குப் போனாள்.

"தொங்குது. இழுத்துப் புடிங்கக்கா."

கன்னிகா வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு, இழுத்துப் பிடித்தாள்.