மணி கட்டிய கன்று

ராகுலன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. கேட்டால் அவனே அப்படித்தான் சொல்வான். உண்மையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற ஆள். "ஸ்ரௌவ்வில்லுக்கு மேல ஒரு வெள்ளைக்காரனோட சேர்ந்து பண்ணை வச்சிருக்கிறன், மாடுகள்" என்பான். கனடாவின் ஸ்காபரோவில், தமிழர் மத்தியில், இதற்கு மேல் யாருக்கு என்ன சொல்லவேண்டும்? மாடு என்றால் பால், பால் என்றால் புண்ணியம். "நல்ல தொழில் தம்பி, கோமாதா கைவிடமாட்டா" என்று கோயில் வாசலில் நிற்கிற பெரிய மனிதர்கள் தோளில் தட்டுவார்கள். இவன் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டல்தான் அவனுடைய பொய்.

அந்தப் பண்ணையில் ஒரு சொட்டுப் பால் கறந்தது கிடையாது. எல்லாம் இறைச்சி மாடுகள். கோடையில் புல்வெளியில் மேய்ந்து, குளிருக்கு வைக்கோல் தின்று, மறுகோடையில் சதை வைத்து, அந்த இலையுதிர்காலத்தில் வண்டி ஏறுகிறவை. ராகுலன் முதலில் மாட்டுத்தீவன லொறி ஓட்டிக்கொண்டுதான் அங்கே போனான். அன்ட்ரூ என்கிற அறுபது வயதுக் கமக்காரர் தனியாக நின்று மின்வேலியை இழுத்துக்கொண்டிருந்தார். மாடுகளை நாள்தோறும் ஒரு துண்டுப் புல்லில் இருந்து அடுத்த துண்டுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் நல்ல புல்லை வேரோடு தின்றுவிட்டுக் களையை மிச்சம் வைத்துவிடும். இவன் இறங்கிக் கை கொடுத்தான். பிறகு லீவு நாட்களில் போனான். போகப்போக மந்தையில் பாதிப் பங்குக்காரன் ஆகிவிட்டான்.

கலப்புப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். அன்ட்ரூவிடம் இருந்தவை சரோலே என்கிற சாதிப் பசுக்கள். வெள்ளை வெளேரென்று, பெரிய எலும்பும் பெரிய உடம்புமாக நிற்கும். ஆனால் அவற்றின் கன்றுகள் வெறும் புல்லில் கொழுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ராகுலன் வாசித்தான், ஏலம் ஏலமாகத் திரிந்தான், கடைசியில் ஒரு கறுப்பு அங்கஸ் காளையைக் கண்டுபிடித்தான். கட்டையான, உருண்ட, புல்லிலேயே கொழுக்கிற சாதி. தாயின் உடம்பும் தகப்பனின் கொழுப்பும் சேர்ந்தால் எப்படியிருக்கும்? அன்ட்ரூ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த வசந்தத்தில் விழுந்த கன்றுகள் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, நல்ல சாம்பல் நிறம். மந்தையில் எந்தக் கன்றும் அதுவரை புல்லில் அப்படி வளர்ந்ததில்லை. "உனக்குக் கண் இருக்கிறது, ராகுல்" என்றார் அன்ட்ரூ. அந்த ஒரு வசனத்தை அவன் எத்தனை மாதம் நெஞ்சில் வைத்துத் தாலாட்டினான் என்று கேட்காதீர்கள்.

இனி அக்கா பாலேஸ்வரி. அவனைக் கனடாவுக்கு எடுப்பித்தவள். வெக்ஸ்போர்ட்டில் அவளுடைய அப்பார்ட்மென்ட் சோபாவில் அவன் படுத்துக் கிடந்த காலத்தில், அத்தானின் காரைக் கொண்டுபோய்த் தூணில் இடித்தான். "நான்தான் பார்க் பண்ணேக்க இடிச்சனான்" என்று அக்கா முந்திக்கொண்டாள். அவன் ஜக்கெற் பைக்குள் பீஃப் பேர்கர் சுற்றிய கடதாசி கிடந்தது. அதையும் அத்தான் காணமுன்னம் எடுத்து எறிந்தவள் அவள்தான். ஏன் தின்றாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கும் இவன் தன் தொழிலைச் சொல்லவில்லை. பயத்தினால் அல்ல, வெறும் வெட்கத்தினால்.

அக்காவின் மகள் கஜனி ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கினாள். வீடு குடிபுகுவதற்கு வாசலில் பசுவும் கன்றும் நிற்கவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள்.

"பண்ணைக்காரன் தம்பி நீ இருக்கேக்க நான் ஏன் பிறத்தியாரிட்டைக் கேப்பான்?"

ராகுலனிடம் இருந்தவை இறைச்சி மாடுகள். ஆனாலும் தலையை ஆட்டினான். அன்ட்ரூவிடம், "பிள்ளைகள் மாடு பார்க்க ஆசைப்படுகிறார்கள், படம் எடுக்கவேண்டுமாம்" என்றான். மந்தையில் சாதுவான பசு ஒன்றுக்குத் தானியம் காட்டிக் காட்டிக் கயிறு பழக்கினான். அதன் சாம்பல் கன்றோடு ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு, தனியாகவே போனான்.

அந்தப் புதுத்தெருவில் ஒரு வெள்ளைப் பசு இறங்கியபோது சனம் வாயடைத்து நின்றது. "அசல் லட்சுமி" என்றாள் ஒரு அன்ரி. கன்றைக் கண்டதும் ஐயரே ஒரு கணம் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "உடம்பெல்லாம் திருநீறு பூசினமாதிரி எல்லே பிறந்திருக்கு." காதில் குத்தியிருந்த மஞ்சள் இலக்க அட்டையைப் பார்த்து, "தோடும் போட்டிருக்கிறார்" என்று சிரித்தார்கள். அந்தத் திருநீற்று நிறம் இறைச்சிக்காகத் தான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறம் என்று ராகுலன் எப்படிச் சொல்வான்? பிறந்த கிழமையே நலமடித்து விதை எடுத்த கன்று அது. பசு ட்ரைவ்வேயில் சாணம் போட்டது. எல்லோருக்கும் பரம சந்தோசம். இவன் மட்டும் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பூசை முடிந்ததும் அக்கா கன்றின் முன்னால் அந்தத் தார்த்தரையிலேயே முழங்காலில் இருந்தாள். கஜனி கலியாணம் கட்டி ஆறேழு வருசம், பிள்ளை இல்லை. போகாத டொக்டர் இல்லை. அக்கா மடியில் இருந்து ஒரு சின்ன வெண்கல மணியை எடுத்தாள். மஞ்சள் கயிற்றில் கோத்துக் கன்றின் கழுத்தில் கட்டினாள். அதன் குளம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

"என்ர பிள்ளைக்கு ஒரு பிள்ளை தா, ராசா. தூக்கிக்கொண்டு வந்து உனக்குப் பொங்கிப் படைப்பன்." பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "கவனமாப் பாத்துக்கொள், என்ன?"

"ஓம் அக்கா" என்றான் ராகுலன்.

பண்ணைக்குத் திரும்பியதும் அன்ட்ரூ மணியைக் கண்டார். "பிள்ளைகள் விளையாட்டுக்குக் கட்டினார்கள்" என்றான் இவன். கன்று வளரக் கயிறு இறுகிவிடும் என்று அன்ட்ரூ அதை அறுத்துவிட்டு, பழைய தோல் பட்டி ஒன்றில் மணியைக் கோத்துத் தளர்வாகக் கட்டிவிட்டார். மந்தை எங்கே நிற்கிறது என்று அறிய உதவும் என்றார். கன்று வளர வளரத் துளை மாற்றிவிட்டதும் அவர்தான். ஒரு குளிரும் ஒரு கோடையும் அந்த மணிச்சத்தம் மேட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறு கோடையில் கஜனிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. அக்கா ஃபோனில் அழுதாள். "உன்ர கன்றுதான் தந்தது. துடக்குக் கழிஞ்சு, குளிருக்கு முதல் கொண்டுவாறம்." கன்று இதற்குள் கன்று இல்லை, மந்தையிலேயே நிறை கூடிய, முதுகில் மேசைபோட்டுச் சாப்பிடக்கூடிய பெரிய மாடு. இறைச்சிக்குப் போகிறவற்றை ஏற்றுகிற நாளும் அப்போதே குறித்தாயிற்று. இரண்டும் ராகுலனுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லுவோம் என்று அக்காவிடமும் சொல்லவில்லை, அன்ட்ரூவிடமும் சொல்லவில்லை.

ஏற்றுகிற காலையில் மாடுகள் ஒடுங்கிய வழியால் ஒவ்வொன்றாய் வந்தன. மணி கட்டியது வந்தபோது அன்ட்ரூ படலையைச் சாத்தினார்.

"இவனை வைத்துக்கொள்வோமா? உனக்கு இவன்மேல் ஒரு இது இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மாட்டுக்கு இங்கே புல் இல்லாமலா போகும்?"

பாருங்கள், கேட்ட மனிதர் அவர். இவன் செய்யவேண்டியது ஓம் என்பது மட்டும். காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ராகுலனின் புத்தி அப்படிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால்? என் அக்கா இதைக் கும்பிட்டாள், இது பிள்ளை தந்தது என்று அந்த ஆங்கிலத்தை வாய்க்குள் அடுக்கிப் பார்த்தான். அவனுக்கே கூசியது. 'உனக்குக் கண் இருக்கிறது' என்று சொன்ன மனிதர், மாட்டின் காலில் விழுகிற கூட்டத்தில் ஒருவனாகத் தன்னைப் பார்த்துவிட்டால்? அக்கா தார்த்தரையில் முழங்காலில் இருந்தது கண்ணில் வந்தது. அந்தக் கணத்தில், சொல்லவே வாய் கூசுகிறது, அவளை நினைத்து வெட்கப்பட்டான்.

"சீச்சீ, ஒன்றுமில்லை" என்று சிரித்தான். "உள்ளதில் நல்ல மாடு இவன்தான். ஏற்றுவோம்."

அன்ட்ரூ ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு பட்டியைக் கழற்றி எடுத்துவிட்டுப் படலையைத் திறந்தார். அதன் பின்பக்கத்தில் கை வைத்துத் தள்ளி ஏற்றியவன் ராகுலன்தான்.

அடுத்த கிழமை அக்கா வருகிறேன் என்றாள். சேறு என்றான், காற்று என்றான், பச்சைப்பிள்ளை என்றான். அவள் கேட்கவில்லை. அப்படியென்றால் ஞாயிறு காலை வாருங்கள் என்றான். அந்த நேரம் அன்ட்ரூ தேவாலயத்தில் இருப்பார். அவரிடம் ஒப்புக்கு, "அக்காவின் மகள் பிள்ளையோடு ஒருக்கால் வந்து எட்டிப் பார்ப்பாளாம்" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

கஜனி காரை நிறுத்திப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அக்கா சேலைக்கு மேல் தடித்த ஜக்கெற்றும் காலில் மழைப்பூட்ஸுமாக, பொங்கல் பானையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். மார்கழிக் குளிருக்கு விறைத்ததுபோல் ராகுலன் நின்றான்.

"எங்க என்ர ராசா?"

இந்த வருசத்துக் கன்று ஒன்றை வேலியோரம் மறித்து வைத்திருந்தான். அதே சாம்பல். கையால் காட்டினான்.

அக்கா கண்ணைச் சுருக்கினாள். "அண்டைக்குப் பாத்ததுக்கு இப்ப வலு பெரிசா வந்திருக்க வேணுமெல்லே?"

"வெறும் புல்லுத்தானே அக்கா தின்னுறது. வளர்த்தி குறைவு."

வெறும் புல்லில் வளரவேண்டும் என்றே காளை தேடித் திரிந்தவன் சொன்ன சொல் இது. தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல வேலையையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டான்.

"மணி எங்க?"

"அறுந்து விழுந்திட்டு."

அக்கா வேறொன்றும் கேட்கவில்லை. பானையின் மூடியைத் திறந்தாள். அப்போது களஞ்சியப் பக்கமிருந்து அன்ட்ரூ வந்தார். முகம் மழித்து, கோட் போட்டு, பிள்ளையைப் பார்ப்பதற்காகவே தேவாலயத்துக்குப் போகாமல் நின்றிருந்தார். பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். பிறகு கோட் பைக்குள் கையை விட்டு, துடைத்து மினுக்கிய அந்த வெண்கல மணியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இது உங்களுடையதாக இருக்கவேண்டும். ஏற்றுகிற அன்று ராகுலிடம் கேட்டேன், மணி கட்டியவனை வைத்துக்கொள்வோமா என்று. வேண்டாம் என்றான். மணியையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குக் கொடுங்கள். அருமையான மாடு அது. அப்படி ஒரு மாட்டை இந்தப் பண்ணை கண்டதில்லை."

வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருசம் வேலை செய்தவள் அக்கா. அந்த ஆங்கிலம் அவளுக்குத் தாராளமாக விளங்கியது. மணியை வாங்கினாள். கன்றைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"இறைச்சிக்கோ?" என்றாள் மெதுவாக.

"ஓம் அக்கா. எல்லாம் அதுக்குத்தான். பால் மாடு ஒண்டும் இல்லை."

"பால் மாடு இல்லையெண்டு அண்டைக்கே தெரியும். அந்தப் பசுவின்ர மடியைப் பாத்தால் தெரியாதே? நீ என்ன தொழில் செய்தால் எனக்கென்ன. கள்ளமே செய்யிறாய்?" மணியை உள்ளங்கையில் புரட்டினாள். "ஆனா அந்த மனிசன் கேட்டிருக்கு. அக்கா நேர்ந்து கட்டினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் மறிச்சு வச்சிருக்கும். அதைச் சொல்ல உனக்கு வெக்கமாப் போச்சு, என்ன? என்னைச் சொல்ல."

ராகுலன் இத்தனை வருசமும் அக்காவுக்கு முன்னால் தொழிலை நினைத்துக் கூசினான், தொழிலுக்கு முன்னால் அக்காவை நினைத்துக் கூசினான். அந்தக் கன்றைக் கொன்றது அந்தக் கூச்சம்தான் என்று இப்போது அவனுக்கே தெரிந்தது. நிலம் பிளந்தால் இறங்கியிருப்பான். கஜனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறுபக்கம் திரும்பிவிட்டாள்.

அன்ட்ரூவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகங்கள் மாறியதை மட்டும் கண்டார். "என்ன சொல்கிறா?" என்று ராகுலனிடம் கேட்டார். "நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா?"

ராகுலன் அன்ட்ரூவின் பக்கம் திரும்பினான். இப்போதாவது சொல்லலாம். மூன்று வசனம் போதும்.

"நன்றி சொல்கிறா" என்றான்.

அக்காவின் கண் ஒருமுறை அவன்மேல் வந்து நின்றது. பிறகு அவள் அன்ட்ரூவின் பக்கம் திரும்பி, மணி இருந்த கையாலேயே கும்பிட்டுச் சிரித்தாள்.

"யெஸ், யெஸ். தேங்க் யூ" என்றாள். "மை பிரதர், வெரி குட் போய்."

அன்ட்ரூ மனம் ஆறித் தலையாட்டினார். அக்கா கஜனியைக் கூப்பிட்டுக்கொண்டு, பானையோடு, தூரத்தில் மேய்ந்துகொண்டு நின்ற அந்த வெள்ளைத் தாய்ப்பசுவைத் தேடிச் சேற்றில் நடந்தாள். ராகுலனும் தலையை ஆட்டப் பார்த்தான். இந்த முறை அது ஆடவில்லை.