கேட்காமல் போட்ட பதில்

செஞ்சிக்கு மருந்தாளுநர் படிப்புக் கல்லூரி வந்தபோதே ஊர் சிரித்தது. திண்டிவனம் ரோட்டில் மல்லாட்டை குடோனாக இருந்த கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பலகை மாட்டினால் கல்லூரி என்று ஆகிவிடுமா? ஆகிவிட்டது. மழை பெய்தால் வகுப்பறைக்குள் இன்னும் அந்த வேர்க்கடலை வாசனை வரும். அந்தக் கல்லூரிக்குள்தான் எண்பத்தெட்டாம் வருஷம் கம்ப்யூட்டரும் வந்தது. மெட்ராஸிலிருந்து பெட்ஷீட்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான் பக்ருதீன். கல்லூரியின் தற்காலிக விரிவுரையாளர் அவன். வயது முப்பதுகூட ஆகவில்லை.

'மருத்துவத்தில் செயற்கை அறிவு' என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினான்.

"சார், எங்களுக்கு இருக்கிற இயற்கை அறிவே பத்தல. இதுல செயற்கை வேறயா?" என்றான் கடைசி பெஞ்ச் செல்லப்பன்.

"அதுக்கும் உனக்கும் ஒரே வியாதிதான் செல்லப்பா. சொல்லிக் கொடுத்தாதான் தெரியும். ஆனா அது ஒருதரம் சொன்னா மறக்காது" என்றான் பக்ருதீன்.

விஷயம் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கைராசிக்கார டாக்டர் ஒருவர் நோயாளியிடம் என்னென்ன கேட்பார், எந்தப் பதிலுக்கு எந்த மருந்தைக் கூட்டுவார், எதைக் குறைப்பார் என்பதை 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று விதிகளாக்கி உள்ளே போட வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு கேள்வியாகத் திரையில் காட்டும். ஆமாம், இல்லை என்று அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் யோசனை சொல்லும். பக்ருதீனும் பிள்ளைகளும் சர்க்கரை நோய்க்கு அப்படி ஒன்றை உட்கார்ந்து செய்தார்கள். கேள்விகள் இங்கிலீஷில் வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் அதைத் தமிழாக்கி நோயாளியிடம் கேட்க வேண்டும். அந்த வேலைக்குத் தளவானூரிலிருந்து வரும் மாணவி தனகோட்டியை அடிக்க ஆளில்லை. எதிரில் யார் இருந்தாலும் கண்ணைப் பார்த்துக் கேட்பாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்று பக்ருதீன் முதல் நாளே சொல்லியிருந்தான். "பேஷண்ட் வாயைத் திறந்து சொல்லாம கீயைத் தொடாதீங்க. நாம எதைப் போட்டாலும் இது நம்பும். இதுக்குச் சந்தேகமே வராது."

நல்ல வாத்தியார்தான். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

வீட்டில் அவனுக்கு அக்கா அசீசுன்னிசா. அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள். கல்யாணமாகிப் போனவள், புருஷன் மவுத்தானதும் மகள் தாஹிராவோடு திரும்பி வந்தாள். இப்போது தம்பி சம்பாத்தியத்தில் மூன்று பேர். சர்க்கரை வியாதி அவளுக்கு வந்து சில வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக்கு அவன்தான் கூட்டிப் போவான். டாக்டர் அவளைக் கேட்பார், இவன் பதில் சொல்வான். ரேஷன் ஆபீசிலும் அப்படித்தான், தாலுகா ஆபீசிலும் அப்படித்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆம்பிளை கூட வந்திருக்கும்போது பொம்பளை வாய் திறப்பதாவது என்று அந்தப் பக்கத்தில் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமில்லாமல் எல்லாரும் வைத்திருந்த வழக்கம் அது. அசீசுன்னிசாவின் வாய் வீட்டு நிலைப்படிக்கு உள்ளேதான் வேலை செய்யும். உள்ளே நன்றாகவே வேலை செய்யும்.

தாளாளர் பாண்டுரங்கன் ஒருநாள் பக்ருதீனைக் கூப்பிட்டார். மெட்ராஸிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட வேண்டும், காரியம் நல்லபடி முடிந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார். அன்றைக்கு வீட்டில் சந்தோஷம் தாங்கவில்லை. அசீசுன்னிசா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் ஒரு நேர்ச்சை வைத்துக்கொண்டாள். தம்பிக்கு வேலை நிலைக்கும்வரை வியாழக்கிழமைதோறும் நோன்பு. தம்பியிடம் சொல்லவில்லை. நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்று அவள் நம்பினாள். சொன்னால் அவன் வையவும் வைவான். வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு டிபன் கேரியரில் சோறு போகும். இவள் எச்சில்கூட விழுங்க மாட்டாள். பொம்பளை கடைசியில் சாப்பிடுகிற வீட்டில், அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று எவன் பார்த்தான்?

பெரியவர்கள் வந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். நோயாளியாக உட்காரச் சம்மதித்திருந்த மளிகைக்கடைக்காரர் கடைசி நேரத்தில் வரவில்லை. பக்ருதீன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

"அக்கா, சும்மா வந்து உக்காரு. அது கேக்கும், அவ்ளோதான்."

"நான் இன்னாடா பேசுவேன் அவுங்க முன்னால?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பாத்துக்கறேன்."

தலையோடு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எதிரே கம்ப்யூட்டர். பக்கத்தில் தனகோட்டி. பின்னால் பக்ருதீன். சுற்றி மெட்ராஸ் பெரியவர்களும் ஒரு டாக்டரும். வயது என்ன என்று தனகோட்டி கேட்டாள். பக்ருதீன் சொன்னான். எத்தனை வருஷமாக நோய் என்று கேட்டாள். பக்ருதீன் சொன்னான். கடைசியாக ரத்தம் சோதித்தபோது சர்க்கரை எவ்வளவு என்றதற்கும் அவனே சொன்னான். ஒவ்வொரு முறையும் தனகோட்டி அசீசுன்னிசாவின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் மட்டும் தலைக்கு மேலிருந்து வந்தது. பெரியவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, ஏதாச்சும் வேளைக்குச் சாப்டாம இருக்கிறதுண்டா?" என்று கேட்டாள் தனகோட்டி.

அசீசுன்னிசா நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. இத்தனை பேர் முன்னால் நேர்ச்சையைச் சொல்வதா என்று யோசித்தாளோ, பொய் சொல்லக் கூடாதே என்று யோசித்தாளோ, கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"எங்க அக்காவா? ஊருக்கே ஆக்கிப் போடற கை அது. இல்லைன்னு போடும்மா" என்றான் பக்ருதீன்.

தனகோட்டியின் விரல் தயங்கி நின்றது. பக்ருதீன் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தானே அழுத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அசீசுன்னிசாவும் தலையைக் குனிந்து சிரித்தாள். மாத்திரையை இரண்டாக்கலாம் என்று திரையில் வந்தது. டாக்டர் பார்த்துத் தலையாட்டி, அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தார். பாண்டுரங்கன் கைதட்டினார்.

"இன்னாமா கேக்குதுடா உன் பெட்டி! நம்ம நைனா உசுரோட இருந்து பாத்திருக்கணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் அசீசுன்னிசா. தம்பி சொல்லிக்கொடுத்த பெட்டி சொன்ன மாத்திரை. நோன்பு நாளிலும் விடியும் முன்பே, ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினாள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். அதுவும் வியாழக்கிழமை. மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்று கல்லூரியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பக்ருதீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தபோது, அக்கா பாயில் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றாள் தாஹிரா. பக்ருதீன் தொட்டுப் பார்த்தான். உடம்பு வேர்வையில் நனைந்து சில்லென்று கிடந்தது. கூப்பிட்டான். உலுக்கினான். கண் திறக்கவில்லை. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று மருந்து படித்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, அவள் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள் என்றார்கள். மறுநாள் ஜும்மா தொழுகைக்கு முன்னால் அசீசுன்னிசாவின் மூச்சு நின்றுபோனது. கபர்ஸ்தானில் பக்ருதீனும் மூன்று பிடி மண் போட்டான்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து வந்தவர்கள் போனபிறகு, தாஹிரா அவன் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, நான்தான் மாமா அம்மாவைக் கொன்னுட்டேன். காலைலயே கிறுகிறுன்னு வருதுன்னாங்க. சக்கரை தண்ணி கலக்கிக் கொடுத்தேன். தள்ளிட்டாங்க. நேந்துகிட்ட நோன்புடி, உங்க மாமா வேலைக்காக நேந்துகிட்டது, சாயங்காலம் மஃரிபு வரைக்கும் தாங்கிடுவேன்னாங்க. அப்பறம் படுத்துட்டாங்க. நான் எழுப்பல."

"இன்னா நோன்பு?" என்றான் பக்ருதீன்.

அவள் சொன்னாள். வாராவாரம் வியாழக்கிழமை என்று சொன்னாள். பெட்டி முன்னால் போய் உட்கார்ந்த அன்றைக்கும் அம்மாவுக்கு நோன்புதான் என்று சொன்னாள். உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடலாம் என்று மார்க்கமே சொல்கிறது. ஆபத்து என்று தெரிந்தால் அல்லவா விடுவாள்? அவளைப் பொறுத்தவரை அது வெறும் கிறுகிறுப்பு. பக்ருதீன் அந்தப் பெண்ணை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். நீ இல்லம்மா, நீ இல்லம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யார் என்று சொல்ல அவனுக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. கல்லூரிப் பெட்டி ஒரு பொம்பளையைக் கொன்றுவிட்டது என்று கடைத்தெருவில் பேச்சு. பாண்டுரங்கன் வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும் சார். மெஷினுக்குச் சறுக்காதா? பெட்டி மேலயே பழி இருக்கட்டும், அதுக்கு வாயா இருக்குது மறுத்துப் பேச? மூட்டை கட்டி மூலைல வச்சுடுவோம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன்."

அவர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நல்லதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

பக்ருதீன் வகுப்புக்குத் திரும்பிய அன்று, பிள்ளைகள் கம்ப்யூட்டர்மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். செல்லப்பன்தான் எழுந்தான்.

"இது வேணாம் சார் நமக்கு. கொலகாரப் பெட்டி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலையும் நிலைக்கும், ஊரும் இரக்கப்படும். பக்ருதீன் கோணிப்பையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தான்.

"பெட்டி தப்பு பண்ணல செல்லப்பா. சாப்பாடு விடறதுண்டான்னு அது கேட்டுச்சு. உண்டுன்னா மாத்திரையைக் கூட்டாதேன்னு அதுக்குள்ள இருக்குது, நானே எழுதினது. எங்க அக்கா அன்னைக்கு நோன்பு. அவுங்களைக் கேக்காம, இல்லைன்னு அழுத்தினது நான். என் விரல்."

தனகோட்டி மேஜைமேல் கவிழ்ந்து அழுதாள். "நான் உடாம கேட்டிருக்கணும் சார். சார் சொல்றாரேன்னு சும்மா இருந்துட்டேன்."

"நீ ஒருத்திதாம்மா அவுங்களைக் கேட்டே. நான் என் ஆயுசுல ஒருதரம்கூடக் கேட்டதில்ல" என்றான்.

அந்தப் பேச்சு பாண்டுரங்கன் காதுக்குப் போனது. அதற்குப் பிறகு நிரந்தரம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவில்லை. பக்ருதீனும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் எடுக்க விடவில்லை, வகுப்பு நடந்தது.

ஐப்பசியில் பனமலையிலிருந்து ஒரு குடியானவர் பெண்சாதியைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் அரிகிருஷ்ணன். அந்த அம்மாள் பவுனம்மாள், அவளுக்குத்தான் சர்க்கரை. தனகோட்டி கேட்கக் கேட்க அரிகிருஷ்ணன் பட்பட்டென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பக்ருதீன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். வாய் திறக்கவில்லை.

"ஏதாச்சும் வேளைக்குச் சாப்டாம இருக்கிறதுண்டா?"

"அதெல்லாம் நல்லா சாப்புடுவா. இல்லைன்னு போடுமா" என்றார் அரிகிருஷ்ணன்.

தனகோட்டி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க சித்த பேசாம இருங்க. அம்மா, உங்களைத்தான் கேக்கறேன்."

பவுனம்மாள் புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். செல்லப்பன் நெளிந்தான். அவளுக்கு இன்னா தெரியும் என்று அரிகிருஷ்ணன் முனகினார். தனகோட்டி அசையவில்லை. வெளியே ஒரு லாரி போய், அதன் சத்தமும் அடங்கியது.

"காலைல கஞ்சி அவருக்கும் புள்ளைங்களுக்கும் சரியாப் பூடும்" என்றாள் பவுனம்மாள் மெதுவாக. "எனுக்கு மத்தியானத்துக்கு மேலதான். அதுவும் பானைல இருந்தா. இல்லன்னா தண்ணி குடிச்சுட்டு களை எடுக்கப் போயிடுவேன்."

அரிகிருஷ்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனுஷியை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்தார். தனகோட்டி ஆமாம் என்று அழுத்தினாள். மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்று திரையில் வந்தது.

பக்ருதீன் வகுப்பறையை விட்டு வெளியே வந்தான். சுவரில் சாய்ந்து நின்று, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதான். ஒரு லாரி கடந்து போகிற நேரம். பவுனம்மாள் வாய் திறக்க அவ்வளவுதான் ஆனது. அக்காவுக்கும் அதற்குமேல் ஆகியிருக்காது.