இல்லாத ரயிலுக்கு ஒரு கக்கூஸ்

என் வீட்டுக்காரர் ஒரு ரயில்வே கம்பெனி நடத்திவந்தார். செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச்சேருகிற நேரோ கேஜ் ரயில். அப்படி ஒரு ரயில் எந்தக் காலத்திலும் ஓடியது கிடையாது. கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில், பிளைவுட் பலகை மேல், ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் மட்டும் அது ஓடியது.

அவர் பெயர் ஸ்ரீனிவாசராகவன். கல்பாக்கத்தில் இன்ஜினியர். தொண்ணூற்றாறில் ஆபீஸ் வேலையாக ஜெர்மனிக்குப் போனவர், திரும்பும்போது ஒரு குட்டி நீராவி இன்ஜினும் சில பெட்டிகளும், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையும் வாங்கிவந்தார். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா. அதிலும் பாதியை அவர்தான் தின்றார்.

இன்ஜின் வந்ததிலிருந்து மனிதர் வேறு உலகத்துக்குக் குடிபோய்விட்டார். ரயிலுக்கு ஒரு சரித்திரமே ஜோடித்தார். வெள்ளைக்காரக் கம்பெனி, கொடியசைத்துத் திறந்துவைத்த கவர்னர், புயலில் அடித்துக்கொண்டு போன பாலம், முப்பதுகளில் வந்த நஷ்டம் எல்லாம் அதில் உண்டு. சாப்பிடும்போது, "அந்தப் பாலம் போனதுதான் கம்பெனிக்குப் பெரிய அடி, வத்சலா" என்று நிஜமாகவே வருத்தப்படுவார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

தண்டவாளம் போடுவார், ஒயர் இழுப்பார், அதெல்லாம் சுத்தமாக வரும். கட்டிடம் வராது. அவர் கட்டின முதல் ஸ்டேஷன், கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நவராத்திரியில் கொலுப்படிக்குப் பக்கத்தில் நான் பார்க் கட்டுவேன். தெப்பக்குளம், மாடிவீதி, பஸ் ஸ்டாண்டு என்று வருஷத்துக்கு ஒன்று. தாம்பரத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதை மனதில் வைத்துத்தான், "நான் லைன் போடறேன். நீ அந்தப் பொம்மை வீடெல்லாம் பண்ணிக் குடுத்துடேன்" என்றார். பொம்மை வீடாம். அந்த வார்த்தைக்கே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல அட்டையைப் பார்த்தால் எனக்கும் கை சும்மா இருக்காது.

எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஆள் உயரம் என் சுண்டுவிரலில் பாதிகூட வராது. சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. மாத்திரை அட்டையின் ஈயத்தாளைச் சீப்புப் பல்லின் மேல் வைத்துத் தேய்த்தால் தகரக் கூரை. ஓட்டுக் கூரைக்குப் பழைய காலண்டர் அட்டையை நகத்துணுக்கு மாதிரி கீறி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டிக் காவி பூசவேண்டும். பிளாட்பாரத்துக்கு உப்புத்தாள். சுவர் நேற்றுதான் வெள்ளையடித்த மாதிரி தெரிந்தால் அசிங்கம்; கரியைப் பொடித்துப் பஞ்சால் ஒற்றவேண்டும். கீழே கொஞ்சம் அதிகமாக, ஏனென்றால் மழையில் சேறு தெறிப்பது கீழேதான். கேட் கீப்பர் வீடு, கூட்ஸ் ஷெட், சிக்னல் கேபின் எல்லாம் இப்படி எழும்பின. ஆபீஸிலிருந்து வந்து, சமையலை முடித்துவிட்டு, முதுகு ஒடிய உட்கார்ந்து கட்டினேன். பார்க்க வருகிறவர்களிடம், "லே-அவுட் என்னுது. ஆத்துக்காரி கொஞ்சம் ஹெல்ப் பண்ணினா" என்பார். அதையும் சகித்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தது தாழங்காடு ரோடு ஸ்டேஷன். வண்டி நடுவழியில் நின்று தண்ணீர் பிடிக்கிற இடம். இன்ஜின் தண்ணீர் குடிக்கத் தூண் மேல் ஒரு தொட்டி வேண்டும் என்றார், கட்டினேன். அது கழிக்கிற சாம்பலுக்குத் தண்டவாளத்துக்கு நடுவே ஒரு குழி வேண்டும் என்றார், அதையும் செங்கல் வரியோடு வெட்டிக் கொடுத்தேன். அந்தக் குழியில் கரித்தூளைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்புக்குக் குடிக்க இடம், கழிக்க இடம், இரண்டும் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு?

ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்லவேண்டும். சென்னையில் எனக்கு வேலை. எலெக்ட்ரிக் டிரெயினில்தான் போய்வருவேன். அந்த வண்டியில் கக்கூஸ் கிடையாது. நான் வண்டி மாறுகிற ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், 'பெண்கள்' என்று போர்டு போட்ட ஓர் அறை உண்டு. அதற்கு எப்போதும் பூட்டு. ஒருநாள் வண்டி லேட்டாகி, கண்ணில் நீர் முட்டுகிற நிலைமையில், கவுன்ட்டரில் போய்ச் சாவி கேட்டேன். உள்ளே இருந்தவன் பிளாட்பாரம் பூராவும் கேட்கிறமாதிரி, "யோவ், இந்தம்மாவுக்கு லேடீஸ் சாவி வேணுமாம், எங்கய்யா வச்ச?" என்று கத்தினான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். சாவி கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

அப்புறம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஆக்கிக்கொண்டேன். தொண்ணூற்றெட்டில் நீர்க்கடுப்பு முற்றி, குளிர்ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "தண்ணி குடிக்கறதே இல்லையாம்மா?" என்று திட்டினார் டாக்டரம்மா. "குடிச்சா எங்க போறது டாக்டர்? லேடீஸ் ரூமுக்கு எப்பவும் பூட்டு" என்றேன். அவர் குனிந்து மருந்துச்சீட்டு எழுதினார். அவரும் அதே லைனில் வருகிறவர்தான். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுத்தவர் ஸ்ரீனிவாசராகவன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே தாழங்காடு ரோடில் ஒரு கக்கூஸ் கட்டினேன். பிளாட்பாரக் கடைசியில், ஆனால் விளக்குக் கம்பத்துக்கு அடியில், இருட்டில் தள்ளிவைக்கவில்லை. ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு மறைப்புச் சுவர், ஜன்னலுக்குப் பதில் காற்றுக்குச் சாய்வுக் கட்டைகள், வெளியே குண்டூசித் தலையில் குழாய். கதவு மட்டும் அரை நாள் வாங்கியது. பிளவுஸ் லைனிங் துணியில் கீல் வைத்தேன். ஊசிமுனையால் தொட்டால் திறக்கும், மூடும். நான் கட்டினதிலேயே உருப்படியான கட்டிடம் அதுதான்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்னது, வத்சலா?"

"கக்கூஸ். லேடீஸுக்கு."

"ஸ்டேஷன்லயா?"

"பின்ன, கோயில் பிராகாரத்துலயா கட்டுவா?"

"அதுக்கில்லைம்மா. இது நேரோ கேஜ் லைன். அந்தக் காலத்துல ஒரு பட்டிக்காட்டு ஸ்டேஷன்ல லேடீஸுக்குன்னு யார் தனியா கட்டினா? ஒரிஜினல்ல இருந்தாத்தான் மாடல்ல வைக்கலாம்."

"எந்த ஒரிஜினல்?"

கொஞ்சம் தடுமாறினார். "இருந்திருந்தா எப்படி இருந்திருக்குமோ, அந்த ஒரிஜினல்."

எனக்கு உச்சந்தலைவரைக்கும் எரிந்தது. கவர்னர் வரலாம். புயல் அடிக்கலாம். பாலம் போகலாம். பங்குதாரர்கள் லண்டனில் சண்டை போடலாம். இல்லாத ரயில், இல்லாத ஊர், இல்லாத ஸ்டேஷன்! அதில்கூட ஒருத்தி ஒதுங்குவதற்கு இடம் இருந்திருக்காது என்றுதான் இந்த மனிதருக்குத் தோன்றுகிறது. கற்பனைக்குக்கூடவா பஞ்சம்?

"அது இருந்தா ஸ்டேஷன் இருக்கும். இல்லேன்னா நீங்களே ஒண்ணு கட்டிக்கோங்கோ. போன தடவை மாதிரி சாய்வா" என்றேன்.

அந்தச் சமயம் பார்த்து பன்னீர்செல்வம் மாடியேறி வந்தார். புதுப்பட்டினத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறவர். இவருக்கு ரயில் சிநேகிதர். விளக்கு, ஸ்விட்ச் வேலையெல்லாம் அவர்தான். ஸ்டேஷன் கட்டிடத்துக்குள் ஒரு காந்தத்தை வைத்து, தாழங்காடு ரோடில் வண்டி தானாகவே வந்து நின்று, தானாகவே கிளம்புகிறமாதிரி ஒரு சாதனம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னா சார், அண்ணிகிட்ட வம்பு வச்சிகினு? பொங்கலுக்கு எக்ஸிபிஷன் கீது. ஸ்டேஷன் இல்லாட்டி நம்ம மானம் பூடும்" என்றார். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டாயிரத்து இரண்டு பொங்கல் விடுமுறையில் மாடல் ரயில் கண்காட்சி நடந்தது; பரிசும் உண்டு. மாமல்லபுரத்தில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் ஒரு ஹோட்டல் ஹால். முதல்நாளே இரண்டு பேரும் பலகைகளைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நான் செங்கல்பட்டுக்கு வந்து பஸ் மாறிப் போய்ச்சேர்ந்தேன். வழியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, பழக்கம்.

ஹாலில் எங்கள் மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். எல்லாரும் குனிந்து பார்த்தது இன்ஜினை இல்லை, என் கக்கூஸை. பன்னீர்செல்வம் பென் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நானும் குனிந்தேன்.

என் கதவின் மேல் ஒரு பூட்டு தொங்கியது.

செம்புக்கம்பியை வளைத்துத் தாழ்ப்பாள். தகரத் துணுக்கில் கடுகைவிடச் சின்னதாகப் பூட்டு. துருப்பிடித்த மாதிரி காவிகூடத் தொட்டு வைத்திருந்தது. கதவைப் பசைபோட்டு நிலையோடு ஒட்டிவிட்டிருந்தார்கள்.

"பூட்டு கீது பார்த்தீங்களா? சார் கைவேலை" என்று பன்னீர்செல்வம் சொல்ல, கூட்டம் சிரித்தது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடடா! தத்ரூபம்! இதை எல்லாம் யார் கவனிக்கறா? நிஜ ஸ்டேஷனுக்கே போன மாதிரி இருக்கு சார்" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஸ்ரீனிவாசராகவன் முகமெல்லாம் பல்லாக என் பக்கம் வந்தார். "உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லலை. உன் கக்கூஸும் ஆச்சு, ஒரிஜினலும் ஆச்சு. எப்படி?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே எனக்கு ஒரு பரிசு கொடுத்ததாக நினைத்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் ஹார்லிக்ஸ் டம்ளரை நீட்டினபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அவர் காதில் விழுந்தது இந்த ஒரு பூட்டு மட்டும்தானா?

"சாவி எங்க?" என்று கேட்டேன்.

"என்னது?"

"பூட்டினேளே. சாவி எங்க?"

"மாடலுக்கு ஏதுடி சாவி!" என்று சிரித்தார். பெரியவரும் சிரித்தார். ஹாலே சிரித்தது.

நான் சுண்டுவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். பூட்டோடு கதவும், கதவோடு லைனிங் துணியும், துணியோடு கொஞ்சம் சுவரும் பிய்த்துக்கொண்டு வந்தன. சிரிப்பு நின்றது.

"வத்சலா! அரை நாள் உட்கார்ந்து பண்ணினேன் அதை. லென்ஸ் வச்சுண்டு!"

"அந்தக் கதவைத் திறக்கற மாதிரி பண்ண எனக்கும் அரை நாள் ஆச்சு."

மேஜைக்கு அடியில் கட்டிடங்கள் வந்த அட்டைப்பெட்டி இருந்தது. இழுத்துவைத்து, பழைய வேட்டித்துண்டை விரித்தேன். முதலில் கக்கூஸ். அப்புறம் தாழங்காடு ரோடு ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, கூட்ஸ் ஷெட், சிக்னல் கேபின், கேட் கீப்பர் வீடு. ஒவ்வொன்றாக அடியில் கைவிட்டு எடுத்து உள்ளே வைத்தேன். அவசரப்படவில்லை, ஓடு உதிர்ந்துவிடும். சிவப்புத் தொப்பி போட்ட ஜெர்மன் ஸ்டேஷன் மாஸ்டரை மட்டும் அங்கேயே விட்டேன். அவர் என்னுடையவர் இல்லை.

"அண்ணி, இன்னா இது, வேணாம் அண்ணி, ஜனம் பார்த்துகினு கீது" என்று பன்னீர்செல்வம் கையைப் பிசைந்தார். பார்க்கட்டும். பூட்டை அவ்வளவு நேரம் பார்த்தவர்கள் இதையும் பார்க்கட்டும்.

பலகையில் பசைத் தடங்களும் துளைகளும்தான் மிச்சம். அதற்கு நடுவே அந்தக் குட்டி ரயில் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் என் காதருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"பரிசு குடுக்கறவா இப்போ வந்துடுவா. ஸ்டேஷன் வந்தா வண்டி நிக்கணும், அதுதான் நம்ம அயிட்டமே. ஸ்டேஷனே இல்லேன்னா வண்டி எங்கடி நிக்கும்?"

நான் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எங்கயும் நிக்க வேண்டாம்" என்றேன். "அடக்கிண்டு போகட்டும்."