ஒரு முழம் மேலே ஓடிய லோஞ்ச்

அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் சனம் ஏற்றி ஓடுகிற மோட்டார்ப் படகான லோஞ்ச் ஒரு புரட்டாதி மாதம் கடலுக்கு ஒரு முழம் மேலே ஓடத் தொடங்கியது. அதற்கு முதல் அது தண்ணீரில்தான் ஓடியது. முதல் நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்துவிட்டோமே என்று மட்டும் சிலர் யோசித்தார்கள். அடுத்த நாளே முறைப்பாடுகள் வந்தன. உயரத்தில் நிற்கிற லோஞ்சிலிருந்து அரிசி மூடை இறக்க இடுப்புப் பிடிக்கிறது என்றார்கள். சேலையோடு எப்படி ஏறுவது என்று ஆசிரியைகள் கேட்டார்கள். நிழலைக் கண்டு மீன் கலைகிறது என்று வலைக்காரர் சண்டைக்கு வந்தார்கள். எல்லாரையும் விடக் கோபப்பட்டவள் சீதேவி. துறையடியில் இருந்து, கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இஞ்சி டொபி விற்றுப் பிழைத்தவள் அவள். அலை தொடாத லோஞ்சில் யார் இஞ்சி தின்பார்கள்? லோஞ்ச் வரும்போதெல்லாம் அதன் அடிவயிற்றைப் பார்த்து மண் அள்ளித் தூற்றினாள்.

காரணம் லோஞ்ச் ஓட்டி டெனிஸ்ரன். அவன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் படித்து லைசன்சும் எடுத்தவன். எடுத்த வருடம் பார்த்து ஒரு கம்பனியும் ஆள் எடுக்கவில்லை. ஊருக்கு வந்து, ஆழ்வாப்பிள்ளையின் லோஞ்சுக்குச் சுக்கான் பிடித்தான். பிடித்தபடியே கலியாணமும் முடித்து, தலையில் நாலு நரையும் கண்டான். அந்த ஆவணியில் ஒரு விமானக் கம்பனி நேர்முகத்துக்கு வரச்சொல்லி அவன் போனுக்குச் செய்தி அனுப்பியது. அவர்களுடைய வயதெல்லை அவனுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் சாகும்வரை அனலைதீவுச் சுக்கான்தான். ஆகவே போனைச் சுக்கானுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, எந்த மேகத்துக்குள் ஆலங்கட்டி இருக்கும், ஒரு எஞ்சின் நின்றால் மற்றதை என்ன செய்ய வேண்டும் என்று போக வரப் படித்தான். பாடம் மண்டைக்குள் ஏற ஏற லோஞ்சும் ஏறியது. இறக்கை ஏன் தூக்குகிறது என்பது முழுதாக விளங்கிய அன்று அடிப்பலகை தண்ணீரை விட்டது. வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறவன் அதை முதலாளிக்கு மறைப்பது வழக்கம். டெனிஸ்ரனும் மறைத்தான். நேர்முகத்துக்குப் போட வாங்கிய சேட்டைக்கூட, கதவைச் சாத்திவிட்டுத்தான், அயன் பெட்டியால் மினுக்கினான். ஆனால் ஊர்ச்சனத்தோடு அந்தரத்தில் வருகிற லோஞ்சை எந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவது?

முதலாளி ஆழ்வாப்பிள்ளை துறையில் காத்து நின்று அவனைப் பிடித்தார்.

"தண்ணியிலை ஓட்டத்தானே உமக்குச் சம்பளம்? ஆரைக் கேட்டு உயத்தினீர்?"

"நான் உயத்தேல்லை ஐயா. அதுவா எழும்புது."

"அதுவா எழும்புதோ? வலை இழுத்தவன்ரை மோன் ஆகாசத்துக்குப் போனால் இஞ்சை ஆர் சுக்கான் பிடிக்கிறது? உமக்கு லீவு கிடையாது. செத்தவீட்டுக்கும் கிடையாது."

சொன்னதோடு விடாமல், லோஞ்சை அமத்துவதற்குச் சீமெந்து மூடைகளை ஏற்றினார். அன்று டெனிஸ்ரன் பாரத்தைப் பற்றிய பாடம் படித்தான். லோஞ்ச் இன்னும் ஒரு சாண் ஏறியது. ஏறுகிற சனம் "பைலட் ஐயா, பெல்ற் போடட்டோ?" என்று நையாண்டி பண்ணியது. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டப் போறானாம்" என்றாள் சீதேவி. தினமும் சொன்னாள்.

நேர்முகம் கொழும்பில், வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. வியாழன் முதல் ஓட்டத்தோடு போய், லோஞ்சை ஊர்காவற்றுறையில் கட்டிவிட்டு இரவு பஸ் பிடிப்பது அவன் எண்ணம். ஊருக்கு அது தெரிந்துவிட்டது. அவனை மறிக்க அடிதடி செய்ய எவருக்கும் நேரமில்லை. சுலபமான வழியை எடுத்தார்கள். இந்தத் தீவுகளில், வெளிக்கிட்டுப் போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமோ?" என்பார்கள். "எங்கை" என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும்; ஆள் திரும்பி வீட்டுக்குள் போய், கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, புதிதாக வெளிக்கிட வேண்டும். டெனிஸ்ரன் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் வேதக்காரரும் சைவக்காரரும் ஒரே சமயம்.

வியாழன் விடிய அவன் படலையைத் திறந்தான். "எங்கை வெளிக்கிட்டீர்?" என்றது வேலிக்கு அங்கால் ஒரு குரல். திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்து வந்தான். பனையடியில் இன்னொருவர் கேட்டார். பிறகு கிணற்றடியில், பிறகு சைக்கிளில் போன ஒருவர். மத்தியானம் ஆழ்வாப்பிள்ளையே கதிரை கொண்டுவந்து படலைக்கு முன்னால் போட்டுக்கொண்டு, வெற்றிலை போடுகிற இடைவெளியில் கேட்டார். ஊற்றி ஊற்றிக் களைத்த மனைவி ஜெனீற்றா, "இஞ்சாருங்கோ, குடத்திலை நல்ல தண்ணி முடிஞ்சுது. இனி உவர்த் தண்ணிதான். கேக்கிறதுகளின்ரை வாய் புழுத்துப் போக" என்றாள். அவன் உவர்த் தண்ணீரையும் குடித்தான்.

தடுத்து வைத்திருப்பது தங்கள் லோஞ்சின் ஓட்டியைத்தான் என்பது வெள்ளி காலையில்தான் ஊருக்கு உறைத்தது. துறையில் மீன் பெட்டிகள் நாறின. ஆசிரியைகள் மூட்டையை மடியில் வைத்தபடி லோஞ்சுக்குள் இருந்து டெனிஸ்ரனைத் திட்டினார்கள். ஆழ்வாப்பிள்ளையின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஊர்காவற்றுறையில் நின்று போனுக்கு மேல் போன் அடித்தார்கள். ஆனாலும் படலையில் அவன் தலைக்கறுப்பைக் கண்டதும் யாராவது ஒருவர் "எங்கை?" என்பார். விட்டுக்கொடுத்த பெயர் தனக்கு வரக்கூடாது என்பதில் எல்லாரும் கவனம்.

கடைசியில் சீதேவி வந்தாள். ஊர்காவற்றுறையில் அவளுக்குப் பல்லுப் பிடுங்க அன்றுதான் நாள். ஒரு கன்னம் தேங்காய் அளவு வீங்கியிருந்தது. கேட்கத் திறந்த ஆழ்வாப்பிள்ளையின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு கத்தினாள்:

"தூரமோடா, நாசமறுவானே?"

"ஓம் அக்கா, கொஞ்சம் தூரம்" என்று டெனிஸ்ரன் நடந்தான்.

நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இனி எந்த பஸ்ஸும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. சீதேவியும் ஆழ்வாப்பிள்ளையும் பின்னாலேயே ஓடிவந்து லோஞ்சில் ஏறிக்கொண்டார்கள். அவன் மினுக்கிய சேட்டோடு சுக்கானைப் பிடித்தான். லோஞ்ச் பனைகளுக்கு மேலே எழும்பி, ஊர்காவற்றுறையைக் கீழே விட்டுவிட்டுத் தெற்கே திரும்பியது. "இறக்கடா, என்ரை பல்லு!" என்றாள் சீதேவி. "என்ரை டீசல்!" என்றார் ஆழ்வாப்பிள்ளை. மன்னார் வரை எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். புத்தளத்தில் சிலர் நித்திரை. மற்றவர்கள் அவர்களுக்கும் சேர்த்துத் திட்டினார்கள். ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. அதை ஒருவரும் சொல்லவுமில்லை.

கம்பனிக் கந்தோர் நாலாம் மாடியில். திறந்திருந்த ஜன்னலின் கொளுக்கியில் லோஞ்சின் கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே இறங்கி, சொன்ன நேரத்துக்குக் கதிரையில் இருந்தான். மேகம் கேட்டார்கள், சொன்னான். எஞ்சின் கேட்டார்கள், சொன்னான். கோபக்காரப் பயணிகளோடு பழக்கம் உண்டோ என்று கேட்டபோது, வெளியில் லோஞ்சில் நின்று திட்டியவர்களின் சத்தத்தில் அவனுடைய பதில் கேட்கவில்லை. நேர்முகம் எடுத்த மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். இப்போதைய முதலாளி விடுவாரோ என்பதுதான் கடைசிக் கேள்வி. "ஒரு மாத நோட்டிஸ் தராமல் ஒரு அடி எடுத்து வைக்க ஏலாது!" என்று ஆழ்வாப்பிள்ளை ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டிக் கத்தினார். முதலாளி சம்மதம், ஒரு மாதத்தில் வரலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

சீதேவி பல்லைக் கொழும்பிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஆழ்வாப்பிள்ளையின் மகளைப் பார்க்க வந்தவர்கள் அடுத்த மாதம் திரும்பவும் வந்தார்கள். லோஞ்சுக்கு இப்போது வேறு ஓட்டி; அது தண்ணீரில் ஓடுகிறது, சனம் பழையபடி வாந்தி எடுத்து, டெனிஸ்ரன் இருந்திருந்தால் இப்படியோ என்று அவனைத்தான் திட்டுகிறது. அவன் விமானம் ஓட்டுகிறான். ஆகாயத்துக்குப் போனபிறகு அவனுக்குக் கடல் ஞாபகம். அதனால் அவன் ஓட்டுகிற விமானத்துக்குள் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நிற்கும். வாடைக்காலத்தில் அலையும் அடிக்கும். பயணிகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்கிறார்கள். கம்பனி அவனை நிற்பாட்டவில்லை. பயணிகளுக்குக் கொடுக்கச் சீதேவியிடம் இஞ்சி டொபிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. டொபிப் பெட்டி ஏற்ற வருகிறவரிடம் அது எங்கே போகிறது என்று அவள் கேட்பதில்லை. தூரமோ என்று மட்டும் கேட்டு, டெனிஸ்ரனை ஒரு வாய் திட்டிவிட்டு, தூக்கிக் கொடுப்பாள்.