ப்ராக்ஸி வேண்டாம்

எங்கள் கணினி பழுதுக்கடையில் அண்ணன் உள்ளே உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றுவான்; முன்மேஜையில் நின்று ஊர்ப்பட்ட வசவையும் வாங்கிக் கட்டிக்கொள்வது நான். ஒரு நாள் லீவு கேட்டால், "நம்ம கடைம்மா" என்பான். அந்த "நம்ம"வைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வேறு ஊரில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் அவர்களுடைய இணையப் பக்கத்தில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. ஆனால் காலையிலிருந்து என் லேப்டாப்பில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, கடைசியில் கையை விரிக்கிறது.

"லைன் கோளாறு. நாளைக்குச் சரியாயிடும்," என்றான் அண்ணன், தலையைத் தூக்காமலே.

லைன் கோளாறாம்! அதே வைஃபையில் என் போனில் அந்தப் பக்கம் ஜம்மென்று வந்தது, கணினியில் வந்துதான் சம்மதம் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியோடு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பேரம் பேசிக் கழுத்தறுக்கிறவர்களின் பிரவுசரில் அண்ணன் ஒரு வேலை செய்து அனுப்புவான். நெட்வொர்க் அமைப்பில் ப்ராக்ஸி என்று ஓர் இடம் உண்டு. எதைக் கேட்பதானாலும் இந்த முகவரி வழியாகப் போய்க் கேள் என்று பிரவுசருக்கு அங்கேதான் சொல்ல வேண்டும். அதில் இல்லாத முகவரி ஒன்றைப் போட்டுவிடுவான். பிரவுசர் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். வாடிக்கையாளர் மறுவாரம் முனகிக்கொண்டே திரும்பி வருவார்.

அமைப்பைத் திறந்து பார்த்தேன். அதே முகவரி. கூடப்பிறந்தவளுக்கும் அதே வைத்தியம்!

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேஜையில் ஸ்க்ரூக்கள் சிதற வைத்தேன்.

"யாரு போட்டது இத?"

திருதிருவென்று விழித்தான். "நீ போயிட்டா நம்ம கடைய யாரும்மா பாத்துக்குவா?"

"இத நேரா கேக்க உனக்கு வாய் வரல. திருட்டுத்தனம் பண்ண மட்டும் கை வந்துச்சா?"

"உன் நல்லதுக்குத்தான்…"

"என் நல்லது எனக்குத் தெரியும். நம்ம கடைங்கிறியே, ஒரு நாளாவது சாவிய என் கையில குடுத்திருக்கியா?"

அவன் கண்ணெதிரிலேயே 'ப்ராக்ஸி வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். பக்கம் சட்டென்று வந்து நின்றது.

"அவசரப்படாதம்மா," என்று லேப்டாப் மூடிமேல் கை வைத்தான்.

"கைய எடுண்ணா."

எடுத்தான். நான் சம்மதத்தை அழுத்தினேன்.