சாயம் ஏறாத மடிப்பு

கான்ஸ்டபிள் பெத்யூன் என் சட்டைக் கையை இரண்டு விரல்களால் பிடித்து, துணிக்கடைக்கு வந்தவரைப் போல உரசிப் பார்த்தார். பிறகு விரல்களைத் தன் கோட்டில் துடைத்துக்கொண்டார். நாற்றம் அப்படி. வாரக்கணக்கில் கடல்நாய்க் கொழுப்பை எரித்துக் குளிர் காய்ந்தவனிடம் வேறென்ன மணக்கும்?

"இந்தத் துணி எங்க கிடைச்சது?"

"தீவுல. கொட்டகைப் பெட்டியில."

"படகு?"

"அதுவும் கொட்டகையிலதான் இருந்தது."

"துணியும் எங்களோடது, படகும் எங்களோடது. உன்னோடதுன்னு ஏதாவது இருக்கா?"

"பசி இருக்கு."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டு சிரித்தார், என்னை உள்ளே தள்ளிப் பூட்டினார்.

இன்று இந்தத் துறைமுகத்தில் என்னைத் தெரியாதவர் இல்லை. "ஓலுஃப், சிப்பி எப்படி?" என்று கேட்காமல் யாரும் என் படகைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் 1907-ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இவர்களுக்கு ஒரு திருடன்.

அவர்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. தெற்கே உள்ள ஆளில்லாத் தீவுகளில், கப்பல் உடைந்து கரையேறுபவர்களுக்கென்று அரசு கொட்டகைகள் கட்டி, பெட்டிகளில் உடுப்பும் கம்பளியும் பிஸ்கட்டும் வைத்திருந்தது. கடல்நாய் வேட்டைக்குப் போகிறவர்கள் அவற்றைத் திருடிவிடுகிறார்கள் என்று, மஞ்சளும் கருப்புமாகக் கட்டம் போட்ட ஒரு துணியில் அந்த உடுப்புகளைத் தைத்தார்கள். அவ்வளவு அசிங்கமான துணியை வேறெங்கும் பார்க்க முடியாது. அதைப் போட்டவன் ஒன்று கப்பல் உடைந்தவன், இல்லையென்றால் திருடன். போன வருடம் ஒருவன் எங்கிருந்தோ வந்து, கப்பல் உடைந்த கதையைக் கண்ணீரோடு சொல்லி, ஊராரின் சோற்றை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நல்ல ஜோடி பூட்ஸோடு கம்பி நீட்டியிருக்கிறான். அவன் வேட்டைக்காரன் என்று பிறகுதான் தெரிந்ததாம். எங்கள் நார்வே பாய்மரக் கப்பலோ சிலி போய்ச் சேர வேண்டிய நாள்கூட இன்னும் வரவில்லை. காணவில்லை என்று எந்தப் பத்திரிகையும் போடாத கப்பல் உடைந்துவிட்டது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் அது உடைந்துதான் போயிருந்தது. மூடுபனியில் பாறையில் மோதி, விடிவதற்குள் சுள்ளி சுள்ளியாகிவிட்டது. தப்பியவர்கள் கொட்டகையைக் கண்டபோது முழங்காலிட்டு அழுதோம். பெட்டியைத் திறந்ததும் அழுகை நின்றது. யாரோ முந்திவிட்டார்கள். கம்பளி ஒன்றுகூட இல்லை. பெட்டியின் அடியில் இரண்டே இரண்டு உடுப்புகள் கிடந்தன. குளிர் எங்கள் தச்சன் யென்ஸின் கால்விரல்களில் இறங்கி, அவை கறுக்கத் தொடங்கின. உதவி தேடிப் படகில் கிளம்பிய எனக்கும் பேடருக்கும் அந்த இரண்டு உடுப்புகளையும் கொடுத்துவிட்டார்கள். யென்ஸ்தான் கொடுக்கச் சொன்னான். பேடர் வழியில் ஓர் அலையோடு போனான். நான் கரை சேர்ந்தேன். எட்டுப் பேர் அங்கே காத்திருந்தார்கள்.

சிறைச் சன்னலில் இருந்து பார்த்தால் அரசின் நீராவிக் கப்பல் புகை விட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. தீவுகளுக்குப் போய் வருவது அந்தக் கப்பல்தான். ஆனால் அன்று பிற்பகல் கடல் ஏற்றத்தோடு அது வடக்கே கலங்கரை விளக்கங்களுக்குச் சரக்கு கொண்டு போகிறது, திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும் என்றார் பெத்யூன். யென்ஸின் காலுக்கு ஒரு மாதம் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். அவர் சன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

கைதிகளுக்குச் சோறு கொண்டுவருவது ஜெசி மௌவாட்டின் வேலை. தேவாலய ஆராதனை முடிந்த கையோடு வந்தாள். நல்ல உயரம், சிவந்த முகம், சிரிக்கவே காசு கேட்பவளைப் போன்ற வாய். மட்டன் பறவை என்று இவர்கள் சொல்லும் கடற்பறவையின் உப்புக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் இருந்தன. நான் தின்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தின்றுகொண்டே யென்ஸைப் பற்றிச் சொன்னேன். பாதித் தட்டில் கரண்டியை நிறுத்தினேன். தீவில் இருப்பவர்கள் அந்நேரம் என்ன தின்றுகொண்டிருப்பார்கள் என்று தோன்றிவிட்டது. தட்டைக் கீழே வைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உடுப்பைத்தான் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பெட்டியில கம்பளியே இல்லியா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

முகம் சுண்டிப்போய் வெளியே போனாள். வாசல் கதவைச் சாத்தவில்லை, தெரு எனக்குத் தெரிந்தது. தேவாலயத்திலிருந்து வந்த கூட்டம் தெருவில் நின்று, பிடிபட்ட திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நீராவிக் கப்பலின் கேப்டனும் அதில் இருந்தார்.

"என்னய்யா பெத்யூன்," என்றாள் ஜெசி, தெருவே கேட்கும்படி. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இந்த ஊர்ல எந்தத் திருடனாவது அந்தத் துணிய சாயம் போடாம தெருவுல போட்டுட்டு நடப்பானா?"

யாரோ சிரித்தார்கள். பெத்யூன் சிரிக்கவில்லை. "அது உனக்கெப்படிம்மா தெரியும்?"

ஜெசி திரும்பினாள். கூட்டத்தின் ஓரத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கால்சட்டையில், சோறு ஆறுகிறதே என்ற முகத்தோடு நின்ற தன் கணவனைப் பார்த்தாள்.

"ஹெக்டர், இங்க வாய்யா. கால் மடிப்பத் திருப்பிக் காட்டு."

"ஜெசி..."

"காட்டுங்கிறேன்ல?"

அந்த மனிதன் அசையவில்லை. அவளே நடுத்தெருவில் மண்டியிட்டு, அவன் கால்சட்டையின் அடிமடிப்பைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்தது. மடிப்புக்குள் சாயம் ஏறாமல் மஞ்சளும் கருப்புமாகக் கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"போன வேட்டை சீசன்ல இதையும் கம்பளிகளையும் கொண்டுவந்தான். நான்தான் சாயம் காய்ச்சினேன். எங்க வீட்ல மட்டும்தான் காய்ச்சினோமான்னு மத்தவங்க சொல்லட்டும். கப்பல் உடைஞ்சவன்தான் இதை அப்படியே போட்டுட்டு வருவான். அங்க எட்டுப் பேர் கிடக்காங்க. ஒருத்தனுக்குக் கால் அழுகுது. போய்க் கூட்டிட்டு வாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. இரண்டொரு பெண்கள் தங்கள் கணவர்களின் கால்சட்டையை மறைத்து நகர்ந்து நின்றார்கள். பெத்யூன், குளிரே இல்லாத அந்தப் பகலில், தன் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். கேப்டன் தொப்பியைத் தலையில் வைத்தார். "தெற்கே போறோம். அந்தப் பையனை வெளிய விடுங்க, பாறை எங்கன்னு அவன்தான் காட்டணும்," என்றார்.

நான் வெளியே வந்தபோது ஹெக்டர் உள்ளே போனான். ஊரே பார்த்துவிட்டதே, பெத்யூன் வேறென்ன செய்வார்? நன்றி சொல்லலாமென்று ஜெசியைத் தேடினேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கப்பல் சங்கு ஊதியது, ஓடினேன். கடவுளிடம்கூட நான் அவ்வளவு நன்றியோடு இருந்ததில்லை.

எட்டுப் பேரும் உயிரோடு இருந்தார்கள். கூட வந்திருந்த மருத்துவர் கப்பலிலேயே யென்ஸின் இடது கால் விரல்களை எடுத்துவிட்டார். தாமதித்திருந்தால் காலே போயிருக்கும், ஆளும் போயிருப்பான் என்றார். யென்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"பெட்டியக் காலி பண்ணினவன் யாருன்னு தெரியுமாடா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவன் பெண்டாட்டி செய்ததையும் சொன்னேன். ஊர் மொத்தமும் கம்பளிகளோடும் கொதிக்கும் தேநீரோடும் கரையில் நின்றது. ஆளுக்கொரு வீட்டுக்கு எங்களை இழுத்தார்கள். யென்ஸ் யார் வீட்டுக்கும் போகவில்லை. ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, "அவன்கிட்ட கூட்டிட்டுப் போ," என்றான்.

அவனை ஒட்டியே நடந்தேன். யென்ஸ் கோபக்காரன், கையில் கட்டை வேறு.

நீதிபதி வருகைக்காக ஹெக்டரை இன்னும் சிறையில்தான் வைத்திருந்தார்கள். வாசலில் ஜெசி மதியச் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தாள். யென்ஸின் துணி சுற்றிய காலைப் பார்த்தாள். யென்ஸ் அவள் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினான். ஆங்கிலம் தெரியாது அவனுக்கு. அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, பெத்யூன் திறந்துவிட்ட கதவுக்குள் நொண்டிக்கொண்டே போனான்.

ஹெக்டர் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் பார்வை அந்தக் காலை விட்டு நகரவில்லை. யென்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தான், ஊன்றுகோலைத் தரையில் போட்டான், தட்டை நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் தட்டிக் காட்டினான். வெகுநேரம் கழித்து ஹெக்டர் உட்கார்ந்தான். கரண்டி ஒன்றுதான் இருந்தது. யென்ஸ் ஒரு வாய் தின்றான், கரண்டியை அவனிடம் நீட்டினான். ஹெக்டர் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். யென்ஸ், பசித்தவனின் பொறுமையின்மையோடு, தன் முறைக்காகக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.