அப்பா நீட்டிய கிண்ணம்

பைபிளைக் கையில் எடுத்துவிட்டால் வெல்டரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. "கல்யாண வீட்டுல ஏசு தண்ணியை ஒயினாத்தானேடா மாத்தினாரு?" என்று அவன் அப்பா கேட்டு முடிப்பதற்குள், குடிகாரனுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று நாலு வசனத்தை எடுத்து வீசுவான். அப்பாவின் சபையில் நற்கருணைக்கு நிஜ ஒயின். அது பாவம் என்று சொல்லி, அவன் வேறு சபைக்கே போய்விட்டான். அப்பனும் மகனும் ஒரே பாத்திரத்தில் குடித்து வருஷக்கணக்காகிவிட்டது.

பாவமாவது, புண்ணாக்காவது! ஒரு சொட்டு நாக்கில் பட்டால் மறுநாள் தெருவில் கிடப்பான். வேலைக்குப் போன ஊரில் அப்படிக் கிடந்தவன்தான். அது மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். அப்பாவிடம் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட வசனம் சொல்வது சுலபமாக இருந்தது.

அப்பா படுத்த படுக்கையானார். நற்கருணைக் கிண்ணத்தோடு பாதிரியார் வந்தார். கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தம் நின்றது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தை மகனிடம் நீட்டினார்.

"குடிடா தம்பி. ஒண்ணும் ஆகாது."

அதே வார்த்தையைச் சொல்லித்தான் கூட்டாளிகள் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். மதுக்கடையைத் தாண்டும்போது செய்வதுபோல மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"வேணாம்ப்பா. எங்க சபையில அது பாவம்."

"என் கையால குடுத்தா கூடவாடா?"

"கல்நெஞ்சுக்காரன்" என்று அத்தை எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள். கிண்ணம் மேசைக்குப் போனது. அப்பா கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவே இல்லை.

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்ய எல்லாரும் வெளியே போன பிறகு, வெல்டர் மேசையை ஒதுக்கினான். கிண்ணத்தைத் தூக்கியதும் வாசனை மூக்கில் ஏறியது. அவன் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது. அது ஒயின் இல்லை, வெறும் திராட்சை ஜூஸ்.

"நான்தான் காய்ச்சினேன்," என்றாள், போகாமல் கட்டிலருகே இருந்த மனைவி. "மாமாவுக்கு உங்க விஷயம் எப்பவோ தெரியும். பாதிரியார்கிட்ட கெஞ்சிச் சம்மதம் வாங்கினாரு. 'ஜூஸுன்னு சொல்லாதேம்மா, ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, புள்ளை கூசிப் போவான். கிட்டக் கொண்டு போனா மோந்தே கண்டுபிடிச்சிருவான்'னாரு."

வெல்டர் கட்டிலோரம் உட்கார்ந்து மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தான்.

"குடிச்சிட்டேன்ப்பா," என்று அந்தச் சில்லிட்ட கையைப் பிடித்து உலுக்கினான். "அப்பா, குடிச்சிட்டேன்ப்பா."